ஐந்து டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரே டிசிக் சாவி போதுமா?

கேள்வியின் சுருக்கம் இது. பைண்ட் மென்பொருளில் ஓடும் ஒரு முதன்மை டிஎன்எஸ் சர்வர் (இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சர்வர்) இருக்கிறது. அதிலிருந்து ஸோன்களை, அதாவது ஒவ்வொரு டொமைனின் பதிவுத் தொகுப்பையும், பெற்றுக்கொள்ளும் நான்கு துணை சர்வர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வெளி நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் உள்ளது. ஐந்திலும் ஒரே டிசிக் சாவி, அதாவது சர்வர்கள் தமக்குள் அனுப்பும் டிஎன்எஸ் செய்திகளில் கையொப்பமிடப் பயன்படும் ரகசியம். அதை 2012-ல் யாரோ உருவாக்கிவிட்டுப் போய்விட்டார். கான்ஃபிக் கோப்புகள் முழுவதும், சாவி உட்பட, கிட் களஞ்சியத்தில் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் இடம்) கிடக்கின்றன. இந்தச் சாவியை எப்படி மாற்றுவது, மாற்றிய பிறகு எங்கே வைப்பது, ஐந்துக்கும் ஒன்றே போதுமா என்பவை கேட்கப்பட்டவை.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டின் விடையும் அதில்தான் அடங்கியிருக்கிறது. போதாது. டிசிக் சாவி இரு தரப்பும் ஒன்றே வைத்திருக்கும் ரகசியம்; அதைக் கொண்டு கையொப்பம் இடவும் முடியும், கையொப்பத்தைச் சரிபார்க்கவும் முடியும். இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும்வரை, நான் அனுப்பாத செய்தி என் சாவியோடு வந்தால் அனுப்பியது எதிர்த்தரப்புதான் என்று உறுதியாகச் சொல்லலாம். ஐந்து பேரிடம் இருந்தால், ஐவரில் யாரும் மற்ற நால்வரில் யாருடைய பெயரிலும் பேசலாம். டிசிக்கின் இன்றைய வரையறையான ஆர்எஃப்சி 8945 என்ற இணையத் தர ஆவணம் (2020), அதற்கு முன்பிருந்த ஆர்எஃப்சி 2845 (2000) இரண்டுமே ஒரு சாவி இரு தரப்புக்கு மேல் போகக்கூடாது என்று எச்சரிக்கின்றன; 8945 இதே காரணத்தையும் சொல்கிறது.

ஆனால் என் அனுபவத்தில், ஆள்மாறாட்டத்தைவிடப் பெரிய காரணம் வேறு. ஐந்து இடங்களில் இருக்கும் சாவியை மாற்ற வேண்டுமானால் ஐந்து இடங்களின் பொறுப்பாளர்களும் ஒரு நேரத்தைப் பேசி முடிவு செய்ய வேண்டும்; அதில் ஒருவர் வேறு நிறுவனத்துக்காரர். அந்தப் பேச்சு ஒருநாளும் நடக்காது. 2012-ன் சாவி இன்றுவரை உயிரோடு இருப்பது யாருடைய சோம்பலாலும் அல்ல. அது மாற்றமுடியாத வடிவத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு இணைக்கும் தனிச் சாவி என்று ஆக்கிவிட்டால், ஒரு சாவியை மாற்றுவது இரண்டு கோப்புகளில் சில வரிகளைத் தொடும் வேலையாகச் சுருங்கிவிடும். உங்களுக்கு வேண்டியவை நான்கு சாவிகள்: முதன்மை சர்வருக்கும் ஒவ்வொரு துணை சர்வருக்கும் இடையே ஒன்று. துணை சர்வர்கள் தங்களுக்குள்ளும் ஸோனைக் கைமாற்றிக்கொள்கின்றனவா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு சங்கிலி இருந்தால் அந்த இணைப்புக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செய்முறைக்குப் போகுமுன் டிசிக் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது, பின்னால் வரும் பிழைகளைப் படிக்க உதவும். அனுப்புபவர் டிஎன்எஸ் செய்தியையும், அதோடு சாவியின் பெயர், அல்காரிதத்தின் பெயர், கையொப்பமிட்ட நேரம், அந்த நேரத்தில் எவ்வளவு விலகல் அனுமதிக்கப்படும் என்ற அளவு ஆகியவற்றையும் சேர்த்து, ரகசியத்தைக் கொண்டு எச்மேக் என்ற சரிபார்ப்புக் குறியைக் கணக்கிட்டு, அதைச் செய்தியின் கடைசிப் பதிவாக ஒட்டி அனுப்புகிறார். ரகசியம் கம்பியில் பயணிப்பதே இல்லை. சாவியின் பெயர் மட்டும் வெளிப்படையாகப் போகிறது. பெறுபவர் அந்தப் பெயரைக் கொண்டு தன்னிடமுள்ள ரகசியத்தை எடுத்து, அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கிறார். ஆகவே இரு பக்கமும் ரகசியம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது; பெயரும் அல்காரிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிதாக அமைப்பவர்களில் பலர் பெயரை வெறும் உள்ளூர் அடையாளம் என்று எண்ணி, இரு பக்கமும் இரு பெயர் வைத்துவிட்டு அரைநாள் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பயனர் கடவுச்சொல்லை ஹாஷ் செய்து (திரும்ப மீட்க முடியாத வடிவமாக்கி) வைப்பதுபோல டிசிக் சாவியை ஹாஷ் செய்து வைக்க முடியாது. கணக்குப் போட மூல ரகசியமே வேண்டும் என்பதால், இரு சர்வர்களிலும் அது படிக்கக்கூடிய வடிவில்தான் இருந்தாக வேண்டும். பேஸ்64 வடிவில் இருப்பதைப் பார்த்துச் சிலர் அது மறைகுறியீடு செய்யப்பட்டது என்று நினைக்கிறார்கள். அது வெறும் எழுத்துமாற்றம். கோப்பு யார் கையில் கிடைத்தாலும் சாவி அவர் கையில் இருப்பதாகவே பொருள்.

சாவியை உருவாக்க, பைண்டோடு வரும் டிசிக்-கீஜென் கருவியைப் பயன்படுத்துங்கள். பெயரைக் கொடுத்தால், கான்ஃபிக்கில் அப்படியே வைக்கத்தக்க முழுத் தொகுதியையும் அச்சிட்டுத் தந்துவிடும். அல்காரிதம் சொல்லாவிட்டால் எச்மேக்-ஷா256 எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு அதுவே போதும். இணையத்தில் இன்னும் உலவும் பழைய குறிப்புகள் டிஎன்எஸ்செக்-கீஜென் கருவியை எச்மேக்-எம்டி5 அல்காரிதத்தோடு ஓட்டி, 157 என்ற எண்ணைப் பெயரில் தாங்கிய இரண்டு கோப்புகளை உருவாக்கி, அதிலிருந்து ரகசியத்தை வெட்டி ஒட்டச் சொல்லும். அந்த வழி பைண்ட் 9.14-லிருந்து இல்லை. எம்டி5-ஐ மென்பொருள்கள் பழைமைக்காகப் புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் யாரும் பயன்படுத்தக்கூடாது என்பது ஆர்எஃப்சி 8945-ன் நிலை. உங்கள் 2012 சாவி பெரும்பாலும் அந்த வகைதான். எச்மேக்கில் எம்டி5 இருப்பதால் நாளைக்கே யாரும் உங்கள் கையொப்பத்தைப் போலியாக இட்டுவிடப் போவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனை பேர் மடிக்கணினியில் அந்தச் சாவி படிந்திருக்கும் என்பதே என் கவலை. எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே ஒரு சொற்றொடரை யோசித்துப் பேஸ்64 ஆக்கி வைக்காதீர்கள். ஒரு கோரிக்கையும் அதன் கையொப்பமும் கையில் கிடைத்தால், அகராதிச் சொற்களை வைத்து வேண்டியமட்டும் ஊகித்துப் பார்க்க எவராலும் முடியும். ஷா256-க்கு 32 பைட் நீளமுள்ள தற்செயல் ரகசியம் சரியான அளவு. பேஸ்64-ல் அது 44 எழுத்துகளாக, கடைசியில் ஒரு சமக்குறியோடு முடியும். வெட்டி ஒட்டும்போது அந்தச் சமக்குறி விடுபடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

பெயர் வைப்பதில்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இணையும் இரு சர்வர்களின் பெயரும் சாவியின் பெயரில் இருக்கட்டும் என்பது ஆர்எஃப்சியின் பரிந்துரை. அதோடு ஒரு தலைமுறைக் குறியையும், ஆண்டோ வரிசை எண்ணோ, சேர்த்துக்கொள்ளுங்கள். ‘டிரான்ஸ்ஃபர் சாவி’ என்று பொதுப்பெயர் வைத்துவிட்டால், அடுத்த முறை மாற்றும்போது அதே பெயருக்குள் ரகசியத்தை மட்டும் மாற்றவே கை போகும். ஒரே பெயரில் இரண்டு ரகசியங்களை பைண்ட் வைத்திருக்காது என்பதால், ஒரு பக்கம் மாற்றிய கணத்திலிருந்து மறுபக்கம் மாற்றும்வரை இணைப்பு அறுந்தே இருக்கும். பெயர் வேறாக இருந்தால் பழையதும் புதியதும் சில நாள் அருகருகே வாழலாம். மாற்றத்தை அவசரமில்லாமல் செய்யலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது நல்ல விதத்தில் அல்ல. முன்பு வேலை செய்த ஓரிடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, முதன்மை சர்வரில் அதே பெயருக்குள் புது ரகசியத்தை வைத்தேன். மூன்று துணை சர்வர்களில் ஒன்றில் மாற்றியது சேமிக்கப்படவே இல்லை. எதுவும் உடையவில்லை, யாரும் புகார் செய்யவில்லை. துணை சர்வர் தன்னிடமிருந்த பழைய ஸோனை வைத்துப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஸோனின் வரிசை எண்ணையும் கால வரம்புகளையும் தாங்கும் எஸ்ஓஏ பதிவில் இருந்த காலாவதி நேரமான 604800 விநாடி, அதாவது சரியாக ஏழு நாள், அதற்கு அனுமதி கொடுத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அது ஸோனைக் கைவிட்டு, கேட்டவர்க்கெல்லாம் சர்வ்ஃபெயில் (பதில் தர இயலவில்லை) என்று சொல்லத் தொடங்கியது. அப்போதும் ரிசால்வர்கள் (பயனர்களுக்காகக் கேட்டு விடை வாங்கித் தரும் சர்வர்கள்) அடுத்த சர்வரிடம் போய்க் கேட்டுக்கொண்டதால், ‘சில சமயம் தாமதமாகிறது’ என்ற மங்கலான புகார் மட்டுமே வந்தது. ஒரு வாரத்துக்கு முன் நான் செய்ததை அதோடு முடிச்சுப் போட ஒரு முழுநாள் ஆனது. ஸோன் டிரான்ஸ்ஃபர் சாவி தவறினால் அந்த இடத்திலேயே வலிக்காது; எஸ்ஓஏ எவ்வளவு காலம் கொடுத்திருக்கிறதோ அவ்வளவு காலம் கழித்தே வலிக்கும். எனவே எல்லாச் சர்வர்களின் எஸ்ஓஏ வரிசை எண்களையும் வெளியிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சிறு கண்காணிப்பு, சாவி மாற்றத்துக்கு முன்பே இருக்க வேண்டும்.

இனி மாற்றும் வரிசை. முதன்மை சர்வரில் நான்கு புதுச் சாவிகளையும் வரையறுத்து, டிரான்ஸ்ஃபருக்கு அனுமதிக்கும் பட்டியலில் பழைய சாவியை அப்படியே விட்டு, புதியவற்றை அதன் பக்கத்தில் சேருங்கள். பைண்டைக் கட்டுப்படுத்தும் ஆர்என்டிசி கருவியில் ரீகான்ஃபிக் கொடுத்தால் போதும். சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. பிறகு ஒரேயொரு துணை சர்வரை எடுத்துக்கொண்டு, முதலில் அதன் புதுச் சாவியை வரையறுத்து, அடுத்து முதன்மையின் முகவரிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் சாவிப் பெயரை மாற்றுங்கள். துணை சர்வர் ஒரு முதன்மையிடம் ஒரு சாவியைத்தான் காட்டும் என்பதால் இந்தப் பக்கத்தில் இரண்டையும் வைத்திருக்க முடியாது. நெகிழ்வு முழுவதும் முதன்மையின் பக்கத்தில்தான் இருக்கிறது. இதன் பின் ரீடிரான்ஸ்ஃபர் கட்டளை கொடுத்து ஸோனை மீண்டும் இழுக்கச் செய்யுங்கள். ரிஃப்ரெஷ் கொடுத்தால் வரிசை எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். முழு டிரான்ஸ்ஃபரே நமக்குச் சான்று. துணை சர்வரின் லாகில், எந்த வரிசை எண் வந்தது என்பதோடு எந்த டிசிக் சாவியால் வந்தது என்பதும் பெயரோடு பதிவாகும். முதன்மையின் லாகிலும் அப்படியே. பழைய சாவியை இன்னும் யார் காட்டுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க அந்த லாகைவிட நல்ல வழி இல்லை. ஒன்று சரியானதும் அடுத்ததற்குப் போகலாம். வெளி நிறுவனத்தின் சர்வரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு வசதியான வாரத்தில் செய்யலாம்.

ஸோன் மாறியதைத் துணை சர்வருக்கு அறிவிக்கும் நோட்டிஃபை செய்தி ஒரு சிறு பொறி. முதன்மை சர்வர் அதையும் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புமாறு அமைத்திருந்தால், துணை சர்வருக்கு அந்தச் சாவி தெரிவதற்கு முன் மாற்றிவிடக்கூடாது. தெரியாத சாவியோடு வந்த நோட்டிஃபையை அது நிராகரித்துவிடும். அடுத்த ரிஃப்ரெஷ் நேரம்வரை புதிய மாற்றங்கள் போய்ச்சேரா.

பொதுவாகச் சந்திக்கும் பிழைகள் மூன்று. பேட்கீ என்று வந்தால் பெயரோ அல்காரிதமோ எதிர்ப்பக்கத்தில் இல்லை. பேட்சிக் என்றால் பெயர் பொருந்துகிறது, ரகசியம் பொருந்தவில்லை. வெட்டி ஒட்டியதில் நேர்ந்த தவறை அப்போது தேடலாம். பேட்டைம் என்றால் கடிகாரங்களுக்கிடையே விலகல் அனுமதித்ததைவிட அதிகம். வழக்கமான அளவு 300 விநாடி. தூங்கவைத்து எழுப்பிய மெய்நிகர் இயந்திரங்களில் இதை அடிக்கடி காணலாம், சாவியில் குற்றமே இருக்காது.

அனுமதிப் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பைண்டில் சாவியையும் ஐபி முகவரியையும் ஒரே பட்டியலில் எழுதினால் ‘இரண்டும் பொருந்த வேண்டும்’ என்று பொருளாகாது. ‘எது பொருந்தினாலும் போதும்’ என்றே ஆகும். சாவி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களின் பட்டியலில் பழைய ஐபி வரி அப்படியே நின்றுகொண்டு, அந்த முகவரியிலிருந்து வருபவரைச் சாவி இல்லாமலே உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் வேண்டுமானால், குறிப்பிட்ட முகவரிகளுக்கு வெளியிலிருந்து வருபவரை இரட்டை மறுப்பால் முதலில் நிராகரித்துவிட்டு, அதற்குப் பின் சாவியை எழுத வேண்டும். என்எஸ்டி என்ற மற்றொரு டிஎன்எஸ் மென்பொருளில் ஒரே வரியில் முகவரியும் சாவியும் வரும், இரண்டும் பொருந்தினால்தான் அனுமதி. எனக்கு அந்த வடிவமே நேர்மையாகப் படுகிறது. உங்கள் துணை சர்வர்களில் எதிலாவது என்எஸ்டி ஓடினால் இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்.

சாவிகளை வைக்கும் இடத்துக்கு வருவோம். முக்கியக் கான்ஃபிக் கோப்பில் சாவியை எழுதாமல், ஒவ்வொரு சாவிக்கும் தனிக் கோப்பு வைத்து இன்க்ளூட் வரியால் இழுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் ரூட், குழு பைண்ட் ஓடும் பயனரின் குழு, அனுமதி 640. குழுவையும் நீக்கி 600 ஆக்கினால், ரூட் உரிமைகளைக் கைவிட்டுவிட்டு ஓடும் நேம்டு (பைண்டின் சர்வர் நிரல்) பின்னர் ரீலோட் செய்யும்போது கோப்பைப் படிக்க முடியாமல் நிற்கும். இப்படிப் பிரித்துவிட்டால் மீதிக் கான்ஃபிக்கில் மறைக்க ஒன்றும் இருக்காது. அதை கிட்டில் தாராளமாக வைக்கலாம். சாவிக் கோப்புகளை ஆன்சிபிள் வால்ட் போன்ற ஒன்றால் மறைகுறியீடு செய்துதான் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே கிட்டில் இருக்கும் 2012 சாவியை வரலாற்றிலிருந்து அழிக்கப் பாடுபடாதீர்கள். களஞ்சியத்தின் நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரியாதபோது அந்த உழைப்பு வீண். சாவியைச் செல்லாததாக்கிவிட்டால் வரலாற்றில் கிடப்பது வெறும் எழுத்துகள்.

கசிவு கோப்பிலிருந்து மட்டும் நேர்வதில்லை. டிஎன்எஸ் சர்வரிடம் கேள்வி கேட்கும் டிக் கருவிக்குக் கட்டளை வரியிலேயே சாவியைக் கொடுத்தால், அது ஷெல் வரலாற்றில் படியும். ஓடும்போது பிராசஸ் பட்டியலிலும் தெரியும். கோப்பைச் சுட்டும் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். உதவி கேட்டுக் கான்ஃபிக்கை யாருக்காவது அனுப்பும்போது, கான்ஃபிக்கைச் சரிபார்க்கும் நேம்டு-செக்கான்ஃப் கருவியை அச்சிடும் விருப்பத்தோடு ‘எக்ஸ்’ விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினால், ரகசியங்கள் இருக்கும் இடமெல்லாம் கேள்விக்குறிகளாக வரும். இந்த வசதி இருப்பதை அறியாமல் கையால் அழித்து அனுப்பி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டவர்கள் பலர். வெளி நிறுவனத்துக்குச் சாவியை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அவர்கள் எஸ்எஸ்எச் வழியாக எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள், அல்லது அவர்களுடைய பொதுச் சாவியால் மறைகுறியீடு செய்து கொடுங்கள்.

சாவிகளை இணைக்கு ஒன்றாகப் பிரிப்பதுபோலவே வேலைக்கு ஒன்றாகவும் பிரிக்க வேண்டும். ஆர்என்டிசி சர்வரைக் கட்டுப்படுத்த வைத்திருப்பதும் இதே வகைச் சாவிதான். 953-ம் போர்ட்டில் அதைக் காட்டுபவர் சர்வரையே நிறுத்தலாம். டிரான்ஸ்ஃபர் சாவியையே அங்கும் வைத்துவிட்டால், ஸோனைப் படிக்க மட்டும் உரிமை பெற்ற வெளி நிறுவனத்துக்கு அந்த அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகும். டைனமிக் அப்டேட்டுக்கும், அதாவது ஸோன் பதிவுகளை வெளியிலிருந்து செய்தி அனுப்பி மாற்றுவதற்கும், அப்படியே. செர்ட்பாட் சான்றிதழ் வாங்குவதற்காக வெப் சர்வரில் வைக்கும் சாவிக்கு அலவ்-அப்டேட் (ஸோனில் எதையும் மாற்றும் அனுமதி) கொடுத்தால், அந்த வெப் சர்வரை உடைத்தவர் உங்கள் மெயில் பதிவுகளையும் மாற்றலாம். அப்டேட்-பாலிசியில் அந்தச் சாவி, சான்றிதழ் தருபவர் டொமைன் நம்முடையதா என்று சோதிக்கும் அக்மி சாலஞ்ச் பெயரின் டிஎக்ஸ்டி பதிவை மட்டும் தொடலாம் என்று எழுதினால் சேதம் அங்கேயே நிற்கும். செர்ட்பாட்டில் இந்த அப்டேட்டைச் செய்யும் செருகி, அல்காரிதத்தைச் சொல்லாவிட்டால் எம்டி5 என்று எடுத்துக்கொள்ளும். டிசிக்-கீஜென் ஷா256 கொடுத்திருக்கும். விளைவு பேட்கீ.

சாவியின் பெயர் ரகசியமல்ல என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு அடிக்குறிப்பு உண்டு. 2017-லும் 2020-லும் பைண்டின் டிசிக் பகுதியில் கண்டறியப்பட்ட ஓட்டைகளுக்குத் தாக்குபவர் அறியவேண்டியிருந்தது செல்லுபடியாகும் ஒரு சாவியின் பெயர் மட்டுமே. முன்னதால் அனுமதியில்லாத டிரான்ஸ்ஃபரும் அப்டேட்டும் செய்ய முடிந்தது. பின்னதால் சர்வரையே விழவைக்க முடிந்தது. நீங்கள் ஒரு சாவியும் அமைக்காவிட்டாலும், உள்ளூர் அப்டேட்டுக்காக பைண்ட் தொடங்கும்போது தானே ஒரு சாவியை உருவாக்கிக்கொள்கிறது, அதன் பெயர் உலகறிந்தது. ஆகவே 2020-ன் ஓட்டை ஏறக்குறைய எல்லாச் சர்வர்களையும் தொட்டது. பெயரை மறைத்து இதிலிருந்து தப்ப முடியாது, மென்பொருளைப் புதுப்பித்துத்தான் தப்ப முடியும்.

டிசிக் உள்ளடக்கத்தை மறைக்காது என்பதையும் வெளி நிறுவனத்தோடு பேசும்போது தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வழியில் கேட்பவர் ஸோன் முழுவதையும் படிக்கலாம், மாற்ற மட்டும் முடியாது. மறைக்கவும் வேண்டுமானால் 2021-ல் வந்த ஆர்எஃப்சி 9103 சொல்வதுபோல டிரான்ஸ்ஃபரை டிஎல்எஸ் என்ற மறைகுறியீட்டு நெறிமுறையின் மேல் ஓட்ட வேண்டும். அப்போதும் டிசிக்கைக் கழற்ற வேண்டியதில்லை.

நான்கு துணை சர்வர்களும் புதுச் சாவியில் வந்துவிட்டதை லாகில் பார்த்த பிறகு, சில நாள் பொறுத்து, முதன்மையின் அனுமதிப் பட்டியலிலிருந்து பழைய சாவியை எடுங்கள். அதன் வரையறைத் தொகுதியையும் ஐந்து சர்வர்களிலிருந்தும் நீக்குங்கள். பட்டியலிலிருந்து மட்டும் எடுத்து வரையறையை விட்டுவைத்தால், அதை வேறொரு ஸோனின் பட்டியல் இன்னும் சுட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் போகும். வரையறையை நீக்கினாலோ, அப்படி ஏதாவது மிச்சமிருந்தாலும் அந்தச் சாவியால் யாரும் உள்ளே வர முடியாது. கடைசியாக, பழைய சாவிக் கோப்பின் ஒரு நகலை வைத்து, துணை சர்வர் ஒன்றின் முகவரியிலிருந்தே டிக் மூலம் முழு ஸோனையும் கேட்டுப் பாருங்கள். பேட்கீ என்று வர வேண்டும். அதன்பின் அதே முகவரியிலிருந்து சாவியே இல்லாமல் ஒருமுறை கேளுங்கள். அதற்கு ஸோன் வந்துவிட்டால், அனுமதிப் பட்டியலில் எங்கோ ஒரு ஐபி வரி இன்னும் இருக்கிறது.